ஏழு கால் விருந்தாளி

எங்கள் வீட்டில் சிலந்தி வளர்த்தோம் என்று சொன்னால் யாரும் அதிசயப்படுவதில்லை. எங்கள் வீட்டிலும்தான் மூலைக்கு மூலை வளருது, ஒட்டடை அடிக்க ஆள் இல்லை என்கிறார்கள். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் ரோமம், குடியிருக்க ஒரு டப்பா, குடிக்க ஒரு மூடித் தண்ணீர், வாரத்துக்கு ஒரு சாப்பாடு என்று விவரம் சொன்ன பிறகுதான் முகம் மாறும். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: உங்க அம்மா எப்படி ஒத்துக்கிட்டாங்க?

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா ஒத்துக்கொள்ளாத எத்தனையோ காரியங்கள் அவள் கண்ணெதிரிலேயே எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தன. அவற்றில் சிலந்தியும் ஒன்று.

அப்போது எனக்கு ஏழு வயது. கசார்வாடியில், பழைய மும்பை நெடுஞ்சாலைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு கட்டிடத்தில் குடியிருந்தோம். ஒரு ஹால், ஒரு சமையலறை, ரயிலைப் பார்த்தபடி ஒரு துண்டு பால்கனி. அப்பா சிஞ்ச்வடில் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். லோக்கல் ரயிலில் போய் லோக்கலில் வருவார். அவருடைய தம்பி, அதாவது என் சித்தப்பா, திருநெல்வேலிப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து வேலை தேடி வந்து எங்களோடேயே தங்கிவிட்டவர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஹாலில் அவர் பாயும் என் பாயும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். அவர் வேலை பார்த்த பட்டறை, வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் எதிர்வீட்டுக் காக்குவின் கணவர். அவர் அங்கே சூப்பர்வைசர். மராத்திக்காரர்கள் வீட்டில் சித்தி முறைக்குக் காக்கு என்றால் சித்தப்பா முறைக்குக் காக்கா. அந்தப் பெரிய மனிதரைக் காக்கா என்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சித்தப்பா பிரஸ் ஓட்டினார். கார்க் கதவுக்குள் எங்கோ ஒளிந்திருக்கிற ஒரு தகட்டை வெட்டி வளைக்கும் இயந்திரம் அது. எப்படி ஓட்டுவது என்று எனக்கு விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பச்சைப் பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலே இருக்கும் இரும்பு இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் இரும்புக்குக் கீழே இருக்க முடியாது, அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் ஒவ்வொரு தகட்டுக்கும் இப்படிக் கையை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் சாயங்காலத்துக்குள் கேட்ட அளவு சரக்கு தேறாது. அதனால் ஒரு பொத்தானை அழுத்தி, அதன் இடுக்கில் ஒரு குல்ஃபிக் குச்சியைச் செருகிவிடுவார்கள். பிறகு ஒரு கை பொத்தானுக்கு, ஒரு கை தகட்டுக்கு. வேலை பறக்கும். பட்டறை முழுக்க அப்படித்தான். எதிர்வீட்டுக் காக்கா வெயில் காலத்தில் எங்கள் கட்டிடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் குல்ஃபி வாங்கித் தருவார். தின்று முடித்ததும் குச்சிகளைத் திரும்ப வாங்கிக் கழுவிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். எவ்வளவு சுத்தமான மனிதர், தெருவில் ஒரு குப்பை போட விடுவதில்லையே என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

அந்த வருஷம் தீபாவளி கழிந்த கையோடு சித்தப்பாவின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. மோதிர விரலும் சுண்டு விரலும். என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. திரும்பி வந்தபோது கை பந்து மாதிரி வெள்ளைத் துணிக்குள் இருந்தது. அழுகையை எதிர்பார்த்து நான் தயாராக நின்றேன். அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்து, "இனிமே எனக்கு நகம் வெட்டுத செலவு கொறஞ்சு போச்சுட்டி" என்றார். அம்மாதான் அழுதாள்.

பட்டறை முதலாளி சேட் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டார். அதற்குமேல் என்ன என்பதுதான் வழக்கு. குச்சி செருகியது உன் தம்பி செய்த தப்பு, நான் செருகச் சொன்னேனா என்பது சேட்டின் பேச்சு. ஏதோ ஒரு தொகை தருகிறேன், என் தப்புதான் என்று ஒப்புக்கொண்டு வாங்கிக்கொள்ளட்டும், கை ஆறினதும் பேக்கிங்கில் வேலையும் தருகிறேன் என்று காக்காவிடம் சொல்லியனுப்பியிருந்தார். கேஸ் போட்டால் இதைவிட எவ்வளவோ அதிகம் கிடைக்கும், ஆனால் வருஷக்கணக்கில் இழுக்கும் என்று அப்பாவுக்குத் தெரிந்த ஒரு யூனியன்காரர் சொன்னார். அப்பா கேஸ் பக்கம். அம்மா எந்தப் பக்கம் என்று சொல்லாமல் அரிசி டின்னை மட்டும் அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா இரண்டுக்கும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு வாய்வார்த்தை.

"எல்லாரும்தான் செருவுதோம், காக்கா குடுத்துத்தான் செருவுதோம். அத அந்தச் சேட்டு ஒருதரம் வாயத் தெறந்து சொல்லட்டும்ணே. துட்டே வேண்டாம்" என்பார்.

சேட் சொல்லவில்லை. சித்தப்பா வாங்கவில்லை. அப்பாவின் ஒரு சம்பளத்தில் வாடகையும் ஊருக்கு அனுப்புவதும் என் பள்ளிக்கூடமும் ஓட வேண்டியிருந்தது. ஓடவில்லை, நடந்தது. பிறகு உட்கார்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் கட்டாத பிள்ளைகளைத் தனியே நிற்கவைத்தபோது நானும் போய் நின்றேன். நின்ற இடத்தில் ஜன்னல் இருந்ததால் எனக்கு அது பிடித்தும் இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் சிலந்தி வந்தது. மேல்மாடி அறையில் காலேஜ் மாணவர்கள் சிலர் வாடகைக்கு இருந்தார்கள். அதில் ஒருவர், அண்ணன் என்ற பொருளில் நாங்கள் பையா என்று இந்தியில் கூப்பிடும் நாக்பூர்க்காரர், யாருக்கும் தெரியாமல் ஒரு டரான்டுலாவை வளர்த்துவந்தார். படிப்பு சம்பந்தமாக அவர் இரண்டு மாதம் ஊருக்குப் போகவேண்டி வந்தது. நீ போனால் இதைக் கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவோம் என்று கூட இருந்தவர்கள் சொல்லிவிட்டார்களாம். மொட்டை மாடியில் சும்மா உட்கார்ந்து ரயில் பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் பையா புலம்பியிருக்கிறார். வேலையில்லாமல் இருப்பவன் கையில் யாராவது ஒரு வேலையைக் கொடுத்தால் அவன் விடுவானா? அன்று மாலை சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"இது பொம்பளப் பிள்ளையாம் மைனி. சாதுவாம். ஒரு சத்தம் கிடையாது, சோறு கேக்காது" என்றார் அம்மாவிடம். அண்ணன் மனைவியை அவர் மைனி என்றுதான் கூப்பிடுவார்.

"சோறு கேக்காட்டா வேற என்னத்தக் கேக்கும் தம்பி?"

"கரப்பான்பூச்சி."

அம்மா தன் வீட்டில் கரப்பான்பூச்சி இல்லை என்பதில் பெருமை உள்ளவள். அது இப்படி ஒரு குறையாகிப் போகும் என்று அவள் நினைத்திருக்கமாட்டாள். மருந்து அடித்த பூச்சியைத் தின்றால் சிலந்தி செத்துப்போகும் என்று பையா எச்சரித்திருந்ததால் அம்மாவின் ஸ்பிரே டப்பா பரணுக்குப் போயிற்று. மீன் தொட்டி விற்கும் கடையிலிருந்து சித்தப்பா புழு வாங்கிவந்தார். தேங்காய் நார்த்தூள் பரப்பிய டப்பாவின் மூலையில் அது மணிக்கணக்கில் அசையாமல் இருக்கும். நாங்கள் இருவரும் வெளியே அசையாமல் உட்கார்ந்து அதைப் பார்ப்போம். டிவியைவிட நன்றாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். கட்டை அவிழ்த்த கையைச் சித்தப்பா பெரும்பாலும் துண்டுக்கு அடியில்தான் வைத்திருப்பார். சிலந்தியின் முன்னால் மட்டும் வெளியே எடுப்பார். அது பார்த்துப் பதறப்போவதில்லை அல்லவா.

ஜனவரி வந்தது. சங்கராந்தி முடிந்தால் எங்கள் கட்டிடத்தில் பெண்களுக்கு ஓயாத வேலை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் ஹல்தி குங்கும். எல்லாப் பெண்களையும் அழைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, எள்ளுருண்டை கொடுத்து, கையில் ஒரு சின்னப் பொருளும் தந்து அனுப்ப வேண்டும். அம்மா வருஷா வருஷம் எல்லார் வீட்டுக்கும் போய்க் கிண்ணமும் சீப்பும் சோப்பு டப்பாவுமாக வாங்கி வந்து அடுக்கி வைத்திருந்தாள். ஒரு வருஷமும் திரும்ப அழைத்ததில்லை. இந்த வருஷம், வீட்டில் இருக்கிற நிலைமையில், அழைத்தே தீருவேன் என்றாள்.

"இப்ப எதுக்கு இந்த ஆடம்பரம்?" என்று அப்பா கேட்டார்.

"காக்கு வரணும்லா. அவிய வீட்டுக்காரரு கையிலதான நம்ம காரியம் கெடக்கு" என்றாள் அம்மா. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அம்மா ஒரு கட்டு டீ வடிகட்டி வாங்கினாள், ஒரு சம்புடம் நிறைய எள்ளுருண்டை பிடித்தாள், ஹாலில் இருந்ததையெல்லாம் சமையலறையில் திணித்தாள். சித்தப்பா மாடிக்குப் போய்விட வேண்டும். ஆண்கள் இருக்கக் கூடாது என்பது ஒரு காரணம். வருகிறவர்கள் எல்லாரும் கையைக் காட்டு என்பார்கள், அது இன்னொரு காரணம். சிலந்தி இருப்பது ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் வீட்டுச் சொந்தக்காரர் காதுக்குப் போகும்.

மாடிக்குப் போகுமுன் தண்ணீர் மாற்றிவிடலாம் என்று சித்தப்பா சமையலறையில் டப்பாவைத் திறந்தார். சரியாக அப்போது, சொன்ன நேரத்துக்கு வெகு முன்னதாக, காக்குவின் குரல் வாசலில் கேட்டது. சிலந்தி அன்றைக்கென்று சுறுசுறுப்பாகச் சுவரில் ஏறி முன்னங்காலை விளிம்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. சித்தப்பா ஒரு கையால் மூடியைச் சாய்த்துப் பொருத்தத் தடுமாறினார். அம்மா ஓடிவந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் மூடியை அமுக்கி, அதன்மேல் கோதுமை மாவு டின்னைத் தூக்கி வைத்தாள்.

"மைனி, பாத்து, பாத்து..." என்றார் சித்தப்பா.

"எல்லாம் பாத்தாச்சு, நீங்க மாடிக்குப் போங்க" என்று அவரைத் தள்ளிவிட்டு, கண்ணைத் திறந்து, சேலையைச் சரிசெய்து, சிரித்த முகமாக வாசலுக்குப் போனாள்.

நான் சமையலறையில் இருந்து எள்ளுருண்டைத் தட்டை எடுத்துக் கொடுக்க வேண்டியவள். ஹால் நிறைந்துவிட்டது. வளையல் சத்தம், மராத்திச் சிரிப்பு. தட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பியபோதுதான் பார்த்தேன். டப்பாவுக்கும் மூடிக்கும் இடையில், வெளியே, ஒரு பழுப்பு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. பெயின்ட் பிரஷ் முனை மாதிரி இருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். இடது பக்கத்து முன்னங்கால் மாட்டிக்கொண்டிருந்தது. சிலந்தி அந்தக் காலில் பாதி தொங்கியபடி இருந்தது.

மாவு டின்னைத் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை. அம்மாவைக் கூப்பிட முடியாது. கூப்பிட்டால் காக்குவும் வருவாள். எட்டிப் பார்த்தேன். காக்கு அம்மாவைச் சமையலறைக் கதவோரமாக ஒதுக்கி, தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். மராத்தி எனக்கு நன்றாகவே புரியும். சேட் கொடுக்கிறதை வாங்கிக்கச் சொல்லு. ஹோலி தாண்டிப் போச்சுன்னா அதுவும் கிடையாதுன்னுட்டார். கேஸ்னு போனா எங்க வீட்டுக்காரர் பேரும் வரும், எனக்கும் பெண் இருக்கு, படிக்குது. இதைச் சொல்லும்போது காக்கு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். காக்குவின் கண் கலங்கியிருந்தது. அம்மா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். இவர்கள் எப்போது பேசி முடிப்பார்கள் என்பதுதான் என் கவலை.

சிலந்தி ஒருமுறை காலை இழுத்தது. நின்றது. ரொம்ப நேரம் சும்மா இருந்தது. யோசிக்கிறது என்று நினைத்தேன். பிறகு மற்ற கால்களை ஊன்றி வெடுக்கென்று இழுத்தது. ஒரு சத்தமும் இல்லை. கால் அங்கேயே தொங்கியது, சிலந்தி கீழே இருந்தது. கால் இருந்த இடத்தில் நீலம் கலந்த தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு. அவ்வளவுதான். அது நார்த்தூளில் இரண்டு எட்டு நடந்து பழைய மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் ஒரு எள்ளுருண்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைக் கொடுக்கப் போகிறவள் போல ஹாலைத் தாண்டி மாடிக்கு ஓடினேன். சித்தப்பா தண்ணீர்த் தொட்டி நிழலில் இருந்தார்.

"சித்தப்பா, அதுக்குக் காலு போயிருச்சு. மூடியில மாட்டிக்கிட்டு அதுவே பிச்சிருச்சு."

"எந்தக் காலுட்டி?"

"முன்னாடி. இடது."

அவர் எள்ளுருண்டையை வாங்கி வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். ஹாலில் பெண்கள் இருக்கும்வரை நாங்கள் கீழே போக முடியாது. இரண்டு லோக்கல் போயிற்று. காக்கு என்ன பேசினாள் என்று அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

கடைசிப் பெண்ணும் வடிகட்டியோடு போன பிறகு இறங்கி வந்தோம். சித்தப்பா ஒரு கையால் மாவு டின்னை நெஞ்சோடு அணைத்து இறக்கினார். மூடியைத் திறந்ததும் கால் உள்ளே விழுந்தது. சிலந்தி அசைந்தது. மெதுவாக வந்தது. முன்னால் இருந்த இரண்டு சின்னக் கைகளால் அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தது. பிறகு அதை வாயருகே இழுத்து, புழுவைத் தின்பது போலவே, அவசரமில்லாமல் தின்ன ஆரம்பித்தது.

தன் காலையே தின்னும் பிராணி ஒன்று உலகத்தில் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பயத்தில் சித்தப்பாவின் கையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் அது எந்தக் கை என்று தெரிந்தது. அவர் இழுத்துக்கொள்ளவில்லை. கண்ணை எடுக்காமல் சிலந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சமையலறை வாசலில் நின்று, "நான்தான் அமுக்கினேன், பாவம் அது, நான்தான் அமுக்கினேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாக்பூருக்குப் போன் போட்டோம். சாகப்போகிறது, அதுதான் கிறுக்குப் பிடித்துத் தன்னையே தின்கிறது என்று சித்தப்பா தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பையா பதறவில்லை, சிரிக்கக்கூடச் செய்தார். கிறுக்கெல்லாம் இல்லை, அதன் வழக்கமே அதுதான் என்றார். காலை உடம்போடு சேர்க்கிற இடத்தில், கழன்றுபோவதற்கென்றே அதற்கு ஒரு மூட்டு இருக்கிறதாம். கால் எங்காவது மாட்டிக்கொண்டாலோ, நசுங்கி ஒழுக ஆரம்பித்தாலோ, அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தால் உடம்பில் இருக்கிற ரத்தமெல்லாம் அந்த வழியாகவே போய்விடும். அதனால் அதுவே காலை விட்டுவிடும். விட்ட இடம் சட்டென்று மூடிக்கொள்ளும். தோலுரிக்கும்போது பழைய தோலுக்குள் கால் சிக்கிக்கொண்டாலும் இதே வேலைதான் செய்யுமாம். அப்புறம் விழுந்த காலைத் தின்பது பசிக்காக என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தக் காலை உண்டாக்க அது எத்தனை இரையைத் தின்றிருக்கும். அதில் சத்து இருக்கிறது, ஈரம் இருக்கிறது. எறும்புக்கு விடுவானேன்? காட்டில் அடுத்த வேளை எப்போது கிடைக்கும் என்று அதற்கு என்ன தெரியும்?

"வலிச்சிருக்குமா?" என்று சித்தப்பா கேட்டார்.

அது யாருக்கும் தெரியாது என்றார் பையா. பிறகு ஆறுதலாக, கவலைப்படாதீர்கள், அடுத்த தடவை தோலுரிக்கும்போது அந்த இடத்தில் சின்னதாக ஒரு கால் வரும், அதற்கடுத்த தடவை இன்னும் பெரிதாகும் என்றார்.

"மொளைக்குமா?" சித்தப்பா தமிழிலேயே கேட்டுவிட்டார். பிறகு இந்தியில் இன்னொரு முறை கேட்டார். பையா மறுபடியும் முளைக்கும் என்றார். சித்தப்பா போனை வைத்துவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன். சிலந்தி பிழைத்துக்கொண்டதே என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அன்று மாலை அப்பா வருவதற்கு முன்னால் சித்தப்பா சட்டையை மாற்றிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்வந்தார். அப்பா வந்து கை கால் கழுவியதும் சொன்னார்.

"ண்ணே, காக்காகிட்ட சொல்லிட்டேன். சேட்டு குடுக்கதை வாங்கிக்கிடுதேன்னு."

அப்பாவின் முகம் சிவந்துபோயிற்று. "ஏல, நான் வக்கீலப் பாக்க நாள் கேட்டுட்டு வந்து நிக்கேன். தப்பு உன் மேலன்னு நீயே ஒத்துக்கிடுவியோ? அந்த வார்த்தைக்காகத்தானல இவ்வளவு நாள் கெடந்தே?"

"கெடந்தேன். இப்படிப் பிடிச்சுக்கிட்டே கெடந்தா மிச்ச ரத்தமும் போயிரும்ணே. விட்டுருவோம்."

"என்ன ரத்தம்? என்னல சொல்லுதே நீ?"

அப்பாவுக்கு விஷயமே தெரியாதே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்பா, அவிய சிலந்தியச் சொல்லுதாவ" என்று நான் இடையில் புகுந்து விளக்கினேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அன்று அதைப் பற்றிப் பேசவில்லை. என் விளக்கத்தால்தான் சண்டை தீர்ந்தது என்று பல காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

சிலந்திக்குக் கால் முளைப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்று தினமும் காலையில் எழுந்ததும் டப்பாவைத்தான் பார்ப்பேன். ஏழு காலோடு அது முன்னைப் போலவே நடந்தது, முன்னைப் போலவே தின்றது. முளைப்பதற்குள் பையா வந்து எடுத்துக்கொண்டு சாங்வியில் வேறு அறைக்குப் போய்விட்டார். பின்னால் முளைத்ததோ என்னவோ. சித்தப்பாவின் கையையும் நான் அவ்வப்போது துண்டை விலக்கிப் பார்த்ததுண்டு. அவரும் காட்டுவார்.

பணம் வந்ததை நான் பார்க்கவில்லை. அது வந்துவிட்டது என்பது வேறு வகையில் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை ஜன்னலோரத்திலிருந்து பழைய இடத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். வீட்டுச் சொந்தக்காரர் எங்களைப் பார்த்து மறுபடியும் சிரித்தார். அரிசி டின்னை அம்மா திறந்து பார்ப்பதை நிறுத்தினாள். சித்தப்பா பேக்கிங் வேலைக்குப் போக இருந்ததற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பணத்தில் அவரே கடைக்குப் போய்க் கோழி வாங்கிவந்தார். கறி எடுத்து மாதங்கள் ஆகியிருந்தன. அம்மா பிரியாணி செய்தாள். படிக்கட்டு வரைக்கும் மணந்தது.

நாலு பேரும் ஹாலில் வட்டமாக உட்கார்ந்தோம். ஒரு லெக் பீஸ் எனக்கு, ஒன்று அப்பாவுக்கு. சித்தப்பா வேண்டாம் என்றுவிட்டார். அவர் நன்றாக, ரசித்துச் சாப்பிட்டார். அம்மாவிடம் ரெண்டாம் தரம் கேட்டு வாங்கினார். அப்பா மட்டும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். அவரைக் கலகலப்பாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு இன்னும் சரியாகத் தெரியாத ஒரு கதைதான் என்னிடம் இருந்ததே.

"அப்பா, அந்தச் சிலந்தி தன் காலையே தின்னுச்சுல்லா, அது கிறுக்குப் பிடிச்சு இல்லப்பா. வீணாப் போகக் கூடாதுன்னுதான் தின்னுமாம். பையா சொன்னாரு."

"ஏட்டி, சாப்பிடும்போது என்ன பேச்சு?" என்றாள் அம்மா.

"சொல்லட்டும் மைனி. வெவரமான சிலந்திதான்" என்றார் சித்தப்பா. "நீ சாப்பிடுண்ணே. ஆறிப்போவுது."

அப்பா எழுந்துவிட்டார். ஒரு வாய்கூட வைக்காத தட்டு அப்படியே இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு பால்கனிக்குப் போய், ரயில் எதுவும் வராத தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா தண்ணீர் எடுக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

"சித்தப்பா, அப்பாவுக்கு வயிறு சரியில்லையா?"

"ஆமா தாயி" என்றார் அவர். அப்பாவின் தட்டிலிருந்த லெக் பீஸை எடுத்து என் தட்டில் வைத்தார். "நீ தின்னு."

ஒரே நாளில் எனக்கு இரண்டு லெக் பீஸ் கிடைத்தது அதுதான் முதல் தடவை. எலும்பைக் கடித்து உறிஞ்சி, விரலையெல்லாம் நக்கி, ஒரு பருக்கை விடாமல் தின்றேன். அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படி அடிக்கடி வயிறு சரியில்லாமல் போனால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.